சர்வீஸ் எண்ணும் குடித்தனக்காரரும்: திருப்பதி, சித்தூர் வாடகை வீடுகளின் மின்கட்டணம் பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

வாடகைக்கு வீடு தேடுகிறவர் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பார், தண்ணீர் எப்படி என்று கேட்பார். கரண்டு மீட்டரைப் பற்றி, பெரும்பாலும் சாவி கைக்கு வந்த பிறகுதான் கேட்பார். அந்தத் தாமதத்துக்கு என்ன விலை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தது. மின்விநியோகம் மட்டும் பிரியவில்லை. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின்விநியோக நிறுவனமே இரு மாவட்டங்களுக்கும் மின்சாரம் தருகிறது. வாடகைக்காரர்களுக்கும் இங்கே குறைவில்லை: எஸ்.வி. பல்கலைக்கழக மாணவர்கள், தேவஸ்தான ஊழியர்கள், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு இளைஞர்கள். இவர்கள் யாருடைய பெயரும் நிறுவனத்தின் கணக்கில் இருப்பதில்லை. அங்கே இருப்பது வீட்டின் சர்வீஸ் எண்; அதன் எதிரே வீட்டுக்காரர் பெயர். வாடகைக்காரரின் கரண்டு பில் சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து கிளைக்கின்றன.

2. ஒரு மீட்டர், மூன்று குடும்பம்

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுகிறது. முதல் 30 யூனிட்டுக்கு 1 ரூபாய் 90 பைசா. 75 வரை 3 ரூபாய். 125 வரை 4.50, 225 வரை 6, 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. குறைவாகச் செலவழிக்கும் வீட்டைக் காப்பதே இதன் நோக்கம். ஆனால் அட்டவணை மீட்டரைத்தான் எண்ணும், அடுப்புகளை எண்ணாது.

மாடியும் கீழுமாக மூன்று குடும்பங்கள், ஆளுக்கு மாதம் 130 யூனிட் என்று கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் யூனிட் கட்டணம் 447 ரூபாய், மூன்றுக்கும் 1,341. ஒரே மீட்டரில் 390 யூனிட் ஓடினால் 2,460 ரூபாய் 75 பைசா. அதே விளக்கு, அதே மின்விசிறி, ஏறத்தாழ 1,120 ரூபாய் கூடுதல்.

அந்த ஒரே மீட்டருக்குக் கீழே ஆளுக்கொரு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலித்தால் கணக்கு இன்னும் விநோதமாகிறது. மூவரிடமும் சேர்ந்து 3,120 ரூபாய் வரும். நிலைக்கட்டணம், மின்வரி, யூனிட்டுக்கு 40 பைசா எரிபொருள் சரிக்கட்டல் ஆகியவற்றைச் சேர்த்தாலும் அம்மாதப் பயன்பாட்டுக்கான அசல் பில் அந்தத் தொகையை எட்டாது. வீட்டுக்காரர்களில் பலர் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. எட்டு என்பது பெருக்க வசதியான எண். வாடகைக்காரர் அசல் பில்லைப் பார்க்கக் கேட்பதும் அபூர்வம். கேட்டால் உறவு கசக்கும் என்ற தயக்கம்.

வேலூரிலிருந்து சித்தூருக்குக் குடிவருகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம். ஆந்திரத்தில் மாதாமாதம் ரீடிங். எல்லோருக்குமான அத்தகைய இலவசம் கிடையாது.

3. போனவர் எரித்தது, வந்தவர் கட்டுவது

மின்சாரம் வாங்கியதில் நிறுவனத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் செலவானால், ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியோடு பின்னர் வசூலித்துக்கொள்ளலாம். 2022-23ஆம் ஆண்டுக்கு மாநிலம் முழுவதற்கும் சேர்த்து இத்தகைய பாக்கி சுமார் 6,072 கோடி ரூபாய். 2024 டிசம்பர் முதல் 15 மாதங்களுக்கு அது பில்களில் சேர்க்கப்பட்டது. 2022-23இன் அந்தந்த மாதத்தில் அந்த சர்வீஸ் எண்ணில் எத்தனை யூனிட் ஓடியதோ, அதுவே கணக்கின் அடிப்படை.

2024இல் குடிவந்தவர் 2022இல் அந்த வீட்டில் ஏ.சி. ஓட்டியவருக்காகப் பணம் கட்டினார். தான் முன்பு குடியிருந்த வீட்டில் எரித்ததற்கு வேறொருவர் கட்டினார் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஒற்றை அறையிலிருந்து பெரிய வீட்டுக்கு மாறியவருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் நேராகாது. நியாயப்படி இது சொத்தோடு ஒட்டிய பாக்கி, வீட்டுக்காரரே ஏற்க வேண்டியது என்பது என் கருத்து. ஒப்பந்தத்தில் எழுதாதவரை அதை வற்புறுத்த வழியில்லை.

4. ஏ.சி.டி. யாருடைய பணம்?

பயன்பாடு கூடினால் நிறுவனம் கூடுதல் வைப்புத்தொகை கேட்கும். பில்லில் ஏ.சி.டி. என்று வருவது அதுதான். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி அதற்கு வட்டியும் உண்டு. வாடகைக்காரர் பில்லோடு பில்லாகக் கட்டிவிடுகிறார். பணமும் வட்டியும் வீட்டுக்காரர் பெயரில் தங்குகின்றன. காலிசெய்யும்போது வெள்ளையடிக்கும் கூலியை மறக்காமல் பிடிக்கிறவர்கள் இதைத் திருப்பித் தந்ததாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

5. தண்ணீரும் கேஸும்

தண்ணீரில் சிக்கல் வேறு வகை. திருப்பதிக்குக் கல்யாணி அணையும் தெலுங்கு கங்கையும் உண்டு. சித்தூரில் கோடை வந்தால் போரும் டேங்கரும்தான். போர் மோட்டார் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கேஸ் இணைப்பு மட்டும் ஆளோடு நகர்கிறது. ஊர் மாறும்போது அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதே, மின்சாரத்தை வேறு விதமாகவும் அமைத்திருக்கலாம் என்பதற்குச் சான்று.

6. சட்டம் தரும் இடம்

மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் இணைப்பு தரச் சொல்கிறது. பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க நிறுவனமே 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 56ஆம் பிரிவு. கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்கும் வீட்டுக்காரருக்கு அது எந்த அதிகாரமும் தரவில்லை. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வசதிகளைத் துண்டிப்பதைத் தடுத்தது. ஆனால் 2005 திருத்தம், மாநகராட்சிகளில் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள கட்டடங்களை அதன் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிட்டது. இன்றைய திருப்பதியில் அந்த வாடகைக்கு ஒரு குடும்பம் வீடு பிடிப்பது கடினம்.

மின் நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம் திருப்பதியிலேயே இருக்கிறது. மின் இணைப்புள்ள இடத்தில் இருப்பவரும் நுகர்வோரே என்று சட்டத்தின் வரையறை கொள்வதால், தனி மீட்டர் உள்ள வாடகைக்காரர் பில் தன் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வழக்காட இடமுண்டு. சப்-மீட்டர்காரருடைய வழக்கு வீட்டுக்காரரோடு மட்டுமே. அவருக்குக் கையிலிருக்கும் ஆதாரம் குடிவந்த நாளில் எடுத்த ரீடிங் படமும், யூனிட் விலையையும் ஏ.சி.டி.யையும் குறிப்பிட்டு எழுதிய ஒப்பந்தமும்தான்.