கீழ்முதுகுச் சீராக்கப் பயிற்சிகள்: பொது விதியிலிருந்து தனியாள் நோக்கிற்கு

முன்னுரை

கீழ்முதுகுத் தசை இறுக்கத்தைத் தளர்த்தவும் முதுகெலும்பின் நிலைத்தன்மையைக் காக்கவும் தரப்படும் பயிற்சிகள், அனைவருக்கும் ஒரே அச்சிட்ட தாளாக வழங்கப்படுவதுண்டு. இப்பயிற்சிகளின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இதற்கு மாறான திசையில் நடந்துள்ளதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குனிதலும் நிமிர்தலும்

அமெரிக்க எலும்பியல் மருத்துவர் பால் வில்லியம்ஸ், கீழ்முதுகின் உள்வளைவு மிகுவதே வலிக்குக் காரணம் எனக் கருதி, 1937இல் முதுகை முன்வளைக்கும் பயிற்சிகளை வகுத்தார். 1956இல் நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி இதற்கு நேர்மாறானதைக் கண்டார். முதுகு பின்வளையுமாறு தற்செயலாகக் குப்புறப் படுத்திருந்த நோயாளியின் வலி தணிந்தது. எத்திசை அசைவு யாருக்கு வலியைக் குறைக்கிறது எனச் சோதித்தபின் பயிற்சி தரும் முறை இதிலிருந்து வளர்ந்தது.

மைசூரிலிருந்து சென்னைக்கு

இதே மாற்றத்தை யோக மரபிலும் காணலாம். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), மைசூர் அரண்மனை ஆதரவில் 1933இல் தொடங்கிய யோகசாலையில் இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தார். 1950களில் சென்னையில் குடியேறியபின் நோயுற்றோரும் முதியோரும் அவரை நாடினர். வயது, தொழில், உடல்நிலை ஆகியவற்றுக்கேற்ப ஆசனத்தை மாற்றியமைத்தலும், மூச்சோடு அசைவை இணைத்தலும், ஓர் ஆசனத்தின் அழுத்தத்தை எதிர் ஆசனத்தால் சமன்செய்தலும் அவர் முறையின் கூறுகளாயின. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இம்முறையைத் தொடர்கிறது. மேலைமுறையும் இதுவும் ஒன்றையொன்று பின்பற்றின எனக் கொள்ளவேண்டியதில்லை. இரண்டும் தத்தம் வழியில் தனியாளை நோக்கி வந்தன என்பதே கருதத்தக்கது.

நிலைத்தன்மைக் கோட்பாடு

எலும்பும் தசைநாரும், தசை, நரம்புக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் இணைந்தே முதுகெலும்பை நிலைநிறுத்துகின்றன என 1992இல் மனோகர் பஞ்சாபி விளக்கினார். கையை அசைக்கும்போது ஆழ்ந்த குறுக்கு வயிற்றுத்தசை முன்கூட்டியே இயங்குவதையும், முதுகுவலி உடையோரிடம் அவ்வியக்கம் தாமதமாவதையும் 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஹாட்ஜசும் ரிச்சர்ட்சனும் காட்டினர். இதனால் அத்தசைக்கான பயிற்சி உலகெங்கும் பரவியது. எனினும், நாட்பட்ட வலியில் அது பிற பயிற்சிகளைவிடத் தெளிவாக மேம்பட்டதன்று எனப் பிற்காலத் தொகுப்பாய்வுகள் கண்டன. ஒரே பயிற்சியைப் பொதுவிதியாக்கும் முயற்சி மீண்டும் நிலைபெறவில்லை.

முடிவுரை

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில் நாள்முழுதும் குனிந்து நாற்று நடுபவரின் முதுகும், நாள்முழுதும் அமர்ந்து எழுதுபவரின் முதுகும் ஒரே வகையில் உழைப்பதில்லை. எனவே, தொழிலையும் வலியின் இயல்பையும் கேட்டறிந்தபின் பயிற்சியைத் தேர்தலே இவ்வரலாறு உணர்த்தும் நெறியாகும்.