125ஆம் தெரு: காசு யாருடையது, கல்லா யாருடையது

அம்பேத்கர் படித்த இடம் என்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் 116ஆம் தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். ஒன்பது தெரு வடக்கே நடந்தால் 125ஆம் தெரு. மன்ஹாட்டன் தீவைக் குறுக்கே கடந்து போகிற பெரிய தெரு. கறுப்பின மக்களின் ஹார்லெமுக்கு அதுதான் கடைவீதி. அம்பேத்கர் நியூயார்க் வந்திறங்கிய அதே 1913இல்தான் இத்தெருவின் தெரசா ஹோட்டலும் எழுந்தது. 1940 வரை கறுப்பருக்கு அங்கே அறை கிடையாது. (பிறகு 1960இல் ஐ.நா.வுக்கு வந்த காஸ்ட்ரோ தங்கியது அங்கேதான். மால்கம் எக்ஸ் போய்ப் பார்த்தார், நேருவும் போய்ப் பார்த்தார்.) அப்போலோ அரங்கமும் வெள்ளையருக்கென்றே தொடங்கியதுதான். 1934இல் கதவு திறந்தது மனம் மாறியல்ல. சுற்றிலும் குடியிருந்தவர்கள் கறுப்பர்கள், டிக்கெட் விற்றாக வேண்டுமே.

அப்போலோ பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு எதிர்ச்சாரியில் இருந்த ப்ளம்ஸ்டைன் என்ற பெரிய கடைதான் முக்கியமாகப் படுகிறது. உள்ள வா, காசக் குடு, சாமான எடுத்துக்க, அதுவரைக்கும் தடையில்ல. ஆனா கல்லாவுக்குப் பின்னால நிக்க மட்டும் கறுப்புத் தோல் ஆகாது. லிஃப்ட் இயக்கலாம், எடுபிடி வேலை செய்யலாம். 1934 கோடையில் 'வேலை தராத கடையில் வாங்காதே' என்று மக்கள் வாசலை மறித்தார்கள். வாரக்கணக்கில் நடந்தது மறியல். முதலாளி இறங்கி வந்தார். கறுப்பினப் பெண்களை விற்பனைக்கு எடுத்தார்கள். அதிலும் நிறம் வெளுத்தவர்களாகப் பார்த்து எடுத்துவிட்டார்கள் என்று இயக்கத்துக்குள்ளேயே சண்டை. நம்ம சனங்களுக்குள்ள நடக்கிற சண்டை ஞாபகம் வருதா? அந்த ஆண்டு முடிவதற்குள் இப்படிப்பட்ட மறியல் சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஒப்புக்கொள்ள 1938 ஆனது.

இதற்கு நடுவில்தான் 1935 மார்ச் 19. அதே தெருவில் க்ரெஸ் கடையில் ஒரு பேனாக்கத்தியை எடுத்ததாக 16 வயதுப் பையனைப் பிடித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அவனை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. ராத்திரியெல்லாம் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மேயர் அமைத்த குழு, வேலையில் பாகுபாடும் போலீஸ் அடாவடியுமே காரணம் என்று எழுதிக் கொடுத்தது. மேயர் அறிக்கையை வெளியிடவில்லை. 1936இல் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்ற கறுப்பினப் பத்திரிகைதான் அச்சிட்டது. கமிஷன் அறிக்கைகளின் கதி பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1958இல் அதே ப்ளம்ஸ்டைனில், தன் புத்தகத்தில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தபோது மார்ட்டின் லூதர் கிங் கடித உறை பிரிக்கும் கத்தியால் குத்தப்பட்டார். 1984இல் தெருவுக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

தெரசா ஹோட்டலுக்குப் பக்கத்தில், ஏழாம் அவென்யூ முனையில் லூயிஸ் மிஷோவின் புத்தகக் கடை இருந்தது. கறுப்பர் எழுதியதையும் கறுப்பரைப் பற்றி எழுதியதையும் விற்ற கடை. மால்கம் எக்ஸ் அதன் வாசலில் நின்றுதான் பேசுவார். அரசு அலுவலகக் கட்டடம் கட்டுவதற்காகக் கடையைக் கிளப்பினார்கள். வேறிடம் போய் 1974இல் மூடப்பட்டது. அங்கே எழுந்த கட்டடத்துக்குப் பிற்பாடு சூட்டிய பெயர் ஆடம் க்ளேட்டன் பவல். 1930களில் வேலை கேட்டு இதே தெருவில் மறியல் நடத்தியவர்.