ஐந்தாவது கால்பங்கு

ரோம் நகருக்குப் போய் வந்த ஆக்களைக் கேட்டால், கொலோசியத்துக்குப் பக்கத்தில சாப்பிடாதேங்கோ எண்டுதான் முதல்ல சொல்லுவினம். அடுத்ததா வாற பெயர்களில ஒண்டு டெஸ்டாச்சோ. டூரிஸ்ட் கூட்டம் குறைவு, சாமான் அசல் எண்டு புகழுவினம். அந்த 'அசல்' எங்கேயிருந்து வந்தது எண்டதுதான் கதை.

1871இல் ரோம் இத்தாலியின் தலைநகரானது. நகரம் பெருத்தது, தொழிலாளருக்குக் குடியிருப்பு தேவைப்பட்டது. திபேர் ஆற்றங்கரையில், பழைய ரோமர் எறிந்த ஒலிவ் எண்ணெய்ச் சாடிகளின் உடைசல்களே ஒரு குன்றாகக் குவிந்திருந்த இடத்தைச் சுற்றி அந்தக் குடியிருப்பு எழுந்தது. (உண்மையாவே குன்றுதான், கிட்டத்தட்ட 35 மீற்றர் உயரம்.) உள்ளே எப்போதும் குளிர்ச்சி என்பதால், அதைக் குடைந்து வைன் வைத்தார்கள். அப்படித்தான் அங்கே ஒஸ்தேரியாக்கள் வளர்ந்தன. ஒஸ்தேரியா எண்டால் கிட்டத்தட்ட எங்கட தவறணை மாதிரி. சனம் வீட்டிலயிருந்து சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து, வைனை மட்டும் வாங்கிக் குடிக்கும்.

1888க்கும் 1891க்கும் இடையில் அதே இடத்தில் நகரசபை பெரிய கொல்களம் ஒன்றைக் கட்டியது. அதோடு எல்லாம் மாறியது. வெட்டிய மாட்டை நாலு கால்பங்காகப் பிரிப்பார்கள். நல்ல இறைச்சி வசதியானவர்களின் வீடுகளுக்குப் போய்விடும். மிஞ்சுவது குடல், ஈரல், நாக்கு, வால். ரோமில் இதற்குப் பெயர் 'ஐந்தாவது கால்பங்கு'. கணக்குப்படி அப்படி ஒரு பங்கே கிடையாது, கவனிச்சீங்களோ? கொல்களத் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதியாக இந்தக் கழிவு போனது. அவர்கள் அதைப் பக்கத்து ஒஸ்தேரியாவில் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள்.

மாட்டு வாலைத் தக்காளியும் செலரியும் போட்டு மணிக்கணக்காக அவிய விட்டால் 'கோதா அல்லா வச்சினாரா'. வச்சினாரி என்பது மாடு வெட்டுகிறவர்களின் பெயர். இன்னொன்று 'பயாத்தா'. பால்குடி மறவாத கன்றின் சிறுகுடலை, உள்ளே இருக்கும் பாலோடேயே சமைப்பது. சூட்டில் பால் திரைந்து குழம்பாகிவிடும். கேட்கக் கொஞ்சம் ஒரு மாதிரித்தான், ஆனா குடல் கறி சாப்பிட்டு வளர்ந்த நாங்கள் முகம் சுழிக்கேலாது. 2001இல் மாட்டுப்பித்த நோய்ப் பயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் மாட்டுக் குடலைத் தடை செய்தது. 2015இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் ஆட்டுக்குட்டிக் குடலை வைத்துச் சமாளித்தார்கள்.

கொல்களம் 1975இல் மூடப்பட்டது. தொழிலாளர் போனார்கள், அவர்களின் சாப்பாடு மட்டும் நின்றுவிட்டது. வியாழன் நொக்கி, வெள்ளி மீன், சனி குடல் எண்ட பழைய முறையை இப்பவும் பிடிச்சுக்கொண்டிருக்கிற கடைகள் இருக்கு. ஆனா கூலிக்குப் பதிலாகக் கொடுத்த வால் இண்டைக்கு வெள்ளை மேசைவிரிப்பில, நல்ல விலையில வருது. அதைத் தேடி வாறவையும் வெளியாக்கள்தான். டூரிஸ்ட் போகாத கடையைத் தேடுறதும் ஒரு டூரிஸ்ட் வேலைதானே. எனக்கு அதில பெரிய கோபமில்லை. அந்தத் தட்டுக்குப் பின்னால கூலி ஒழுங்காக் கிடைக்காத ஒருத்தன் நிண்டதை மெனு சொல்லாததுதான் உறுத்துது.

கொல்களக் கட்டடத்தின் ஒரு பகுதியில் இப்போது கண்காட்சிகள் நடக்கின்றன. இன்னொரு பகுதியில் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிறார்கள். மாடுகளைத் தொங்கவிட்ட இரும்புத் தண்டவாளங்களும் கொக்கிகளும் கழற்றப்படாமல் மேலே அப்படியே இருக்கின்றன.