பொறி மாறினும் மாறாத இசை
கணினியிசை நிரல்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஓசையாவது காற்றின் அதிர்வினாற் பிறப்பது. அவ்வதிர்வினை மிகச் சிறிய கால இடையீடுகளில் அளந்து எண்களாகக் குறித்துவைப்பின், அவ்வெண்களைக்கொண்டே அவ்வோசையை மீண்டும் எழுப்புதல் கூடும். அங்ஙனமாயின், அளந்து பெறாது கணக்கிட்டே பெற்ற எண்களும் ஓசையாகுமன்றோ? இவ்வினாவே கணினியிசைக்கு வித்தாயிற்று.

கணினிகள் முன்னரும் மெட்டிசைத்ததுண்டு. 1951ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்துப் பெரந்தி மார்க் 1 என்னும் கணினி எழுப்பிய மெட்டுகளை பி.பி.சி. நிறுவனம் ஒலிப்பதிவு செய்தது. ஆயின், அக்கணினி ஒலிபெருக்கிக்குத் துடிப்புகளை அனுப்பியதேயன்றி, ஒலியலையின் வடிவத்தை எண்ணெண்ணாக வகுத்திலது. அதனை முதலிற் செய்தவர் அமெரிக்கப் பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலறிஞரான மாக்ஸ் மத்தியூஸ் ஆவர். 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 704 என்னும் கணினிக்கென அவர் எழுதிய நிரல் ‘மியூசிக் 1’ எனப் பெயர் பெற்றது. அதனைக்கொண்டு நியூமன் குட்மன் என்பார் ஆக்கிய முதற் படைப்புப் பதினேழு செக்கன் அளவினதே. ஒரு குரல், ஒரே அலைவடிவம். சுருதியும் ஒலியளவும் கால அளவுமே மாற்றத்தக்கன. கணினி நியூயோர்க் நகரிலிருந்தமையால், எண்கள் பதிந்த நாடாவை நியூ ஜேர்சியிலுள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்றே ஒலியாக மாற்றவேண்டியிருந்தது.

1960ஆம் ஆண்டளவில் எழுந்த ‘மியூசிக் 3’ ஒரு பெருங் கருத்தை உலகுக்கு அளித்தது. அலையைப் பிறப்பிப்பது, இரண்டைக் கூட்டுவது, பெருக்குவது என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வோர் உறுப்பு அமைத்து, அவற்றை வேண்டியவாறு இணைத்துப் புதுப்புதுக் கருவிகளை இசைவாணரே வகுத்துக்கொள்ளலாம் என்பதே அது. கருவியின் அமைப்பு ஒருபுறமும், அது வாசிக்கவேண்டிய சுரப்பட்டியல் மறுபுறமுமாக நின்றன. இன்று வழங்கும் நிரல்கள் பலவும் இவ்வழி வந்தனவே.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. 1963ஆம் ஆண்டின் ‘மியூசிக் 4’ ஐ.பி.எம். 7094 கணினியின் தனிமொழியில் எழுதப்பட்டது. அக்கணினி வழக்கொழியவே, நிரலும் பயனற்றதாகும் நிலை நேர்ந்தது. பட்டறிவால் இதனை உணர்ந்த மத்தியூஸ், 1968இல் ‘மியூசிக் 5’ஐப் பல கணினிகளுக்கும் பொதுவான போர்ட்ரான் மொழியிற் பெரும்பாலும் அமைத்தார். இதனால் வேகம் ஓரளவு குன்றினும், நிரல் பல பல்கலைக்கழகங்களிற் குடிபுக முடிந்தது. பாரி வேர்க்கோ என்பவரோ வேகத்தையே விரும்பி, ஐ.பி.எம். 360 கணினிக்கு ‘மியூசிக் 360’ஐயும், பி.டி.பி. 11 கணினிக்கு ‘மியூசிக் 11’ஐயும் அவ்வவற்றின் தனிமொழியிலேயே ஆக்கினார். அவை விரைந்து இயங்கினவாயினும் தத்தம் பொறியோடு கட்டுண்டு கிடந்தன. பின்னர் அவரே 1986ஆம் ஆண்டளவில் சி மொழியில் ‘சிசவுண்ட்’ என்னும் நிரலை வெளியிட்டார். அது விண்டோஸ், மக்கின்டொஷ், லினக்ஸ் ஆகிய எல்லாவற்றிலும் இன்றும் இயங்குகின்றது. வேகத்தை நாடியவரும் ஈற்றிற் பொதுமையையே நாடினர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, ஒலியைக் கட்டுப்படுத்தும் முறையை நோக்குவாம். தொடக்கத்தில் இசைவாணர் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, விளைவைக் கேட்க நெடுநேரம் காத்திருந்தனர். 1970ஆம் ஆண்டளவில் மத்தியூசும் எப். ஆர். மூரும் அமைத்த ‘குரூவ்’ என்னும் தொகுதி, மின்னிசைப் பொறியைக் கணினியால் உடனுக்குடன் இயக்கிற்று. 1983இல் மிடி என்னும் பொதுநெறி தோன்றவே, வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகளும் ஒன்றோடொன்று உரையாடலாயின. பாரிஸ் நகரத்து இர்க்காம் நிலையத்தில் மில்லர் பக்கெட் 1980களில் ஆக்கிய நிரல், பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து இசையை ஆளும் வழியைக் காட்டியது. மத்தியூசின் நினைவாக அது ‘மாக்ஸ்’ எனப் பெயர் பெற்றது. 1996இல் பக்கெட் ‘பியூர் டேட்டா’ என்னும் நிரலை யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் மக்கார்ட்னி மக்கின்டொஷ் கணினிக்கு ஆக்கிய ‘சூப்பர்கொலைடர்’, 2002இற் கட்டற்ற நிரலாயிற்று. பிறர் அதனை ஏனைய கணினிகளுக்கும் பெயர்த்தமைத்தனர். அதில் ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி வேறு, ஆணையிடும் பகுதி வேறு. ஒரு கணினியிலிருந்து பிறிதொரு கணினியின் ஒலியை ஆளுதலும் இயலும்.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது யாது? ஏட்டைப் பெயர்த்தெழுதுவார் இல்லாவழி நூல் இறந்துபடும் என்பது நம்மவர் நன்கறிந்ததே. கணினியிசையும் அத்தன்மைத்தே. பியர் பூலேயின் ‘ரெப்போன்’ என்னும் படைப்பு 1981இல் ‘4எக்ஸ்’ என்னும் தனிப்பொறியை நம்பி அரங்கேறியது. அப்பொறி வழக்கொழிந்தபின், அறிந்தோர் புதிய கணினிகளுக்குப் பெயர்த்தமைத்தமையாலேயே அது மேடையில் வாழ்கின்றது. பெயர்த்தமைப்பார் அற்ற படைப்புகளின் கதி என்னாம்?

ஆகவே, நிரலொன்றைத் தெரிவுசெய்வோர் அதன் ஓசையின் இனிமையை மட்டும் நோக்குதல் போதாது. அது பல கணினிகளில் இயங்குமா, அதன் மூலவரிகள் யாவர்க்கும் திறந்துளவா, அதனை ஆளும் முறை தம் தொழிலுக்கு இசையுமா என மூன்றும் ஆராய்தல் வேண்டும். மத்தியூஸ் 2011இல் மறைந்தார். அவர் பயன்படுத்திய பொறிகள் அவருக்கு முன்னரே மறைந்தன. அவர் வகுத்த நெறியோ எம் மாணவர் மேசைமேலுள்ள கணினியிலும் இயங்கிக்கொண்டிருக்கின்றது.