கணினியும் சேமிப்புத் தட்டும்: இணைப்பு அறாமை காத்த வரலாறு

ஓரூரில் நூலகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள ஏடுகள் யாவும் செல்லரிக்காது பேணப்பட்டிருக்கின்றன. ஆயின், மாரிகால வெள்ளம் அந்நூலகத்துக்குச் செல்லும் ஒரே பாதையை அறுத்துவிடின், வாசகருக்கு அந்நூலகம் இருந்தும் இல்லாததே ஆகும். ஏட்டுக்கு யாதோர் ஊறும் நேரவில்லை. ஏட்டை அடையும் வழியே அழிந்தது. கணினிக்கும் அதன் சேமிப்புத் தட்டுகளுக்கும் இடையேயுள்ள தொடர்பும் இத்தன்மையதே. வங்கியின் பேரேடு, மருத்துவமனையின் நோயாளர் பதிவு, விமானப் பயணச்சீட்டு ஆகியன இன்று சுழலுந் தட்டுகளிலும் அவற்றின் வழிவந்த சேமிப்புக் கருவிகளிலும் உறைகின்றன. அவற்றைக் கணினி எட்டமுடியாதவிடத்து அலுவல் நின்றுவிடுகிறது.

தட்டிலுள்ள தரவைக் காத்தல் வேறு. தட்டுக்குச் செல்லும் வழியைக் காத்தல் வேறு. முன்னையதைப் பற்றிப் பலரும் அறிவர். 1988 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் ஆகிய மூவரும், மலிவான தட்டுகள் பலவற்றை ஒருங்கு சேர்த்து ஒன்று பழுதுறினும் தரவு அழியாவாறு காக்கும் முறைகளை வகுத்துரைத்தனர். பின்னையதன் வரலாறோ அதனினும் மூத்தது. எனினும் அத்துணை பேசப்படாதது. கணினியிலுள்ள இணைப்பு அட்டை, அதிலிருந்து புறப்படும் வடம், இடையிலுள்ள ஆளி, தட்டுகளை ஆளும் கட்டுப்படுத்தி என ஒரு வழியில் உறுப்புகள் பல உள. அவற்றுள் ஒன்று கெடினும் வழி முழுவதும் கெடும். இக்கேட்டினை மனிதர் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1956 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐ. பி. எம். நிறுவனம் ராமாக் 305 என்னுங் கணினியை வெளியிட்டது. அதனோடு இணைந்த 350 என்னும் தட்டுச் சேமிப்பகமே வணிக உலகு கண்ட முதலாவது தட்டுச் சேமிப்பகமாகும். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டுச் சுழன்றன. அவை 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. அதுகாறும் துளையட்டைக் கட்டுகளை ஒழுங்காகப் புரட்டியே ஒரு கணக்கைத் தேடவேண்டியிருந்தது. இப்பொழுதோ வேண்டிய கணக்கை வேண்டிய கணத்தில் எடுக்கலாயிற்று. இவ்வசதியே புதியதொரு பொறுப்பையும் பிறப்பித்தது. வேண்டிய கணத்தில் விடை கிடைக்கும் எனப் பழகிய அலுவலகம், விடை கிடையாத கணத்தைப் பொறுக்கமாட்டாததாயிற்று.

இப்பொறுமையின்மை முதலிற் பெரிதாகத் தோன்றியது விமானப் பயண ஒதுக்கீட்டிலாகும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐ. பி. எம். நிறுவனமும் சேர்ந்து அமைத்த சேபர் என்னும் ஒதுக்கீட்டு முறை, நியூயோர்க் மாநிலத்துப் பிரையர்கிளிவ் மேனர் என்னுமிடத்தில் நிறுவப்பட்டு, 1964 அளவில் அந்நிறுவனத்தின் ஒதுக்கீட்டு வேலை முழுவதையும் ஏற்றுக்கொண்டது. அங்கே 7090 என்னும் வகையைச் சேர்ந்த கணினிகள் இரண்டு இருந்தன. ஒன்று கடமையாற்ற, மற்றையது அது தவறும் வேளைக்கெனக் காத்திருந்தது. இங்கே பொறியே இரட்டிக்கப்பட்டது. ஆயின், இரண்டாவது பொறியும் அதே தட்டுகளை எட்டக்கூடியதாய் இருந்தாலன்றி அதனாற் பயனில்லை என்பது தெளிவு. எனவே, பொறியை இரட்டித்தோர் வழியையும் இரட்டிக்கவேண்டியவர் ஆயினர்.

1964 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 என்னுங் கணினிக் குடும்பம் இதற்கு ஒழுங்கான வடிவொன்றை நல்கியது. அக்குடும்பத்தில் மையப்பொறி தட்டுகளோடு நேரே உரையாடுவதில்லை. இடையில் வாய்க்கால் எனத்தகும் ஓர் உறுப்பும், அதன் மறுமுனையில் கட்டுப்படுத்தியும் இருந்தன. குளத்து நீர் வாய்க்கால் வழியாக வயலை அடைவதுபோல, தரவும் இவ்வழியே சென்று வந்தது. ஒரு கட்டுப்படுத்தியை இரண்டு வாய்க்கால்களோடு பிணைக்கும் ஆளியையும் வேண்டுவோர் பெறலாயினர். அவ்விரு வாய்க்கால்களும் ஒரே கணினிக்கு உரியனவாகவும் இருக்கலாம். வெவ்வேறு கணினிகளுக்கு உரியனவாகவும் இருக்கலாம்.

இவ்விடத்துப் புதிய இடர் ஒன்று முளைத்தது. இரு கணினிகள் ஒரே தட்டை எட்டுமாயின், இரண்டும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் எழுதிக் கணக்கைக் குழப்புதல் கூடும். இதனைத் தவிர்க்க, ஒரு கணினி தட்டைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளுங் கட்டளையும், வேலை முடிந்ததும் அதனை விடுவிக்குங் கட்டளையும் வகுக்கப்பட்டன. பழுதைத் தாங்குவதற்கெனச் சேர்த்த இரண்டாவது வழி, தானே ஒரு பழுதுக்கு வாயிலாகலாம் என்பதை அக்காலத்துப் பொறியியலாளர் இவ்வாறு கண்டறிந்தனர். இதன் பின்வந்த வரலாறு முழுவதும் இவ்வுண்மையின் விரிவே எனல் மிகையாகாது.

தொடக்கத்தில், ஒரு வாய்க்காலில் வழு நேர்ந்தவிடத்து மறு வாய்க்காலில் முயன்றுபார்க்கும் வேலையைக் கணினியின் இயக்கச் செய்நிரலே செய்தது. 1981 ஆம் ஆண்டில் ஐ. பி. எம். அறிவித்த 370-எக்ஸ். ஏ. என்னும் அமைப்பில் இவ்வேலை வாய்க்காற் பகுதியிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒரு தட்டுக்கு எட்டு வழிகள்வரை இருக்கலாம். எவ்வழியாற் செல்வது என்பதைச் செய்நிரல் அறியவேண்டியதில்லை. தட்டை வேண்டுதல் மட்டுமே அதன் வேலை. வழியைத் தேர்தல் பிறிதோர் உறுப்பின் வேலை. இப்பாகுபாடு இன்றும் இத்துறையில் நிலைபெற்றுள்ளது.

இதற்கிடையில், பழுதைத் தாங்குதலையே முதற் குறிக்கோளாகக் கொண்ட நிறுவனம் ஒன்று தோன்றியது. 1974 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டிரைபிக் என்பவரும் அவருடைய தோழர்களும் கலிபோர்னியாவில் டாண்டெம் நிறுவனத்தைத் தொடங்கினர். 1976 ஆம் ஆண்டில் அதன் முதலாவது பொறி சிற்றிபாங்க் வங்கிக்கு அனுப்பப்பட்டது. அப்பொறியில் ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் இரண்டு வாயில்கள் இருந்தன. அவை வெவ்வேறு செயலிகளோடு இணைந்தன. தட்டுகளையும் இரண்டு கட்டுப்படுத்திகளோடு இணைக்கலாம். தரவினை இரண்டு தட்டுகளில் ஒருங்கே எழுதி வைக்கலாம். செயலிகளைத் தம்முட் பிணைத்த தொடர்வழியும் இரண்டே. இவற்றோடு, தட்டை ஆளுஞ் செய்நிரலும் இணையாகவே அமைந்தது: ஒரு செயலியில் முதல்வனும் மற்றையதில் துணைவனும் இருப்பர். முதல்வன் தன் வேலையின் நிலையைத் துணைவனுக்கு இடையிடையே அறிவித்துவரும். முதல்வன் வீழின், துணைவன் விட்டவிடத்திலிருந்து தொடரும். சேபர் முறையில் இரண்டாவது பொறி முன்னையதன் வீழ்ச்சியை எதிர்நோக்கிக் காத்திருந்தது. டாண்டெம் முறையிலோ எல்லாச் செயலிகளும் எப்பொழுதும் வேலை செய்தன; அவையே ஒன்றுக்கொன்று காவலுமாயின.

1983 ஆம் ஆண்டில் டிஜிட்டல் எக்குயிப்மென்ற் நிறுவனம் வக்ஸ் கிளஸ்ரர் என்னும் அமைப்பினை அறிவித்தது. பல கணினிகளும் தட்டுக் கட்டுப்படுத்திகளும் ஒரு நடுவிடத்தில் நட்சத்திர வடிவிற் பிணைக்கப்பட்டன. பிணைப்பு ஒவ்வொன்றும் இரட்டை வடங்களால் ஆயது. இவ்வமைப்பு நுட்பமானதொரு வினாவுக்கு விடை கூறவேண்டியிருந்தது. இரு கணினிகளுக்கிடையே தொடர்பு அறுந்தவிடத்து, ஒவ்வொன்றும் மற்றையது இறந்துவிட்டது எனக் கருதித் தட்டுகளைத் தனதாக்க முயலுமன்றோ? இரண்டும் உயிருடன் இருப்பின் தரவு பாழாகும். இதற்கு அவர்கள் கண்ட வழி வாக்கெடுப்பாகும். ஒவ்வோர் உறுப்புக்கும் குறித்த வாக்குகள் உள; போதிய வாக்குகளைத் தன்பால் உடைய பகுதி மட்டுமே தொடர்ந்து இயங்கும்; ஏனையது தானே ஒதுங்கி நிற்கும். தொடர்பு அறுந்த நிலையில் ஒதுங்கி நிற்பதும் காவலின் ஒரு பகுதியே என்பதை இது காட்டிற்று.

தனித்தனி நிறுவனங்களின் ஆக்கங்களாய் இருந்த இம்முறைகளைப் பொது நியமங்கள் யாவர்க்கும் உரியனவாக்கின. சிறு கணினிகளுக்குரிய ஸ்கசி என்னும் இணைப்பு 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க நியமமாயிற்று. 1994 ஆம் ஆண்டில் பைபர் சனல் என்னும் இணைப்பின் நியமம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன்பின், கணினிகளையும் சேமிப்பகங்களையும் ஆளிகளின் வழியாக ஒரு வலையிற் பிணைக்கும் வழக்கம் பரவியது. கவனமுடையோர் இவ்வலையினை ஒன்றாக அமைக்காது, தம்முள் தொடர்பற்ற இரண்டாக அமைத்தனர். கணினியில் இரண்டு இணைப்பு அட்டைகள். அவற்றில் ஒன்று முதல் வலைக்கும் மற்றையது இரண்டாம் வலைக்கும் செல்லும். சேமிப்பகத்தின் இரண்டு கட்டுப்படுத்திகளும் ஈரிடத்தும் இணையும். இதனால், ஒரே தட்டு நான்கு வழிகளில் நான்கு தட்டுகளாகக் கணினிக்குத் தோன்றும். அவை யாவும் ஒன்றே என்பதை, தட்டு தன்னைப் பற்றிக் கூறும் அடையாள எண்ணைக் கொண்டு பல்வழிச் செய்நிரல் அறிந்துகொள்ளும். ஒரு வழி அடைபடின் வேறு வழியாற் செலுத்தும். விலை கொடுத்துப் பெற்ற இத்தகைய செய்நிரல், 2005 ஆம் ஆண்டளவில் லினக்ஸ் இயக்க முறையின் ஒரு பகுதியாகி யாவர்க்கும் கிடைப்பதாயிற்று.

வழியை இரட்டித்தலாற் பெறும் பயன் எத்துணைத்து என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு வழி ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் பழுதுற்றிருக்கும் எனக் கொள்வோம். அத்தகைய வழிகள் இரண்டு இருப்பின், இரண்டும் ஒருங்கே பழுதுற்றிருப்பது பத்து இலட்சம் மணி நேரத்துக்கு ஒரு மணி நேரமேயாகும். ஆயின், இக்கணக்கு ஒரு நிபந்தனையை உட்கொண்டது. இரு வழிகளும் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். இரண்டுக்கும் மின் தருவது ஒரே இணைப்பாயின், இரண்டு வடங்களும் ஒரே குழாயினூடு செல்லுமாயின், இரண்டையும் பழுதுபார்ப்பது ஒரே கையாயின், கணக்குப் பொய்த்துவிடும்.

கையினால் வருங் கேடு எத்துணைப் பெரிது என்பதை ஜிம் கிறே என்னும் அறிஞர் 1985 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அவர் அப்பொழுது டாண்டெம் நிறுவனத்திற் பணியாற்றினார். அந்நிறுவனத்தின் பொறிகள் நின்ற நிகழ்ச்சிகளை ஆராய்ந்து, புதிய பொறிகளின் ஆரம்பக் கோளாறுகளை நீக்கிப் பார்த்தவிடத்து, நூற்றுக்கு 42 நிகழ்ச்சிகள் இயக்குதல், பராமரித்தல், ஒழுங்கமைத்தல் ஆகியவற்றால் நேர்ந்தன எனக் கண்டார். வன்பொருளால் நேர்ந்தவை நூற்றுக்கு 18 மட்டுமே. உறுப்புகளை இரட்டித்து வன்பொருட் பழுதை அடக்கியபின், எஞ்சி நின்றது மனிதப் பழுது.

அவ்வாராய்ச்சி வெளிவந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் சிங்கப்பூரில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். டி. பி. எஸ். வங்கி தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய வங்கியாகும். 2010 ஆம் ஆண்டு யூலை 3 ஆம் நாள், அதன் முதன்மைக் கணினியோடு இணைந்த சேமிப்பகத்தின் தொடர்பிணைப்பு ஒன்று தளம்புவதாகக் கண்காணிப்புச் செய்நிரல் எச்சரித்தது. அமைப்பைப் பராமரித்த ஐ. பி. எம். நிறுவனத்தின் பொறியியலாளர் வந்து வடம் ஒன்றை மாற்றினார். பின்னர் வெளியிடப்பட்ட விவரங்களின்படி, அவ்வேலை உரிய முறைப்படி செய்யப்படவில்லை. ஆயினும் எச்சரிக்கை நின்றது. மறுநாள் எச்சரிக்கை மீண்டது. அதே பிழையான முறையில் வடம் மீண்டும் கழற்றிப் பூட்டப்பட்டது. அப்பொழுதெல்லாம் சேமிப்பகம் இயங்கியே வந்தது. யூலை 5 ஆம் நாள் அதிகாலை 3 மணியளவில் மறுபடியும் வடத்திற் கைவைத்தபோது வழுக்கள் பெருகின. தரவு பழுதுபடக்கூடும் என்னும் நிலையில், தரவைக் காக்கும்பொருட்டுச் சேமிப்பகம் கணினியோடு கொண்ட தொடர்பைத் தானே துண்டித்துக்கொண்டது. வங்கிச் சேவைகள் ஏறத்தாழ ஏழு மணி நேரம் தடைப்பட்டன. பணப்பொறியின் முன் நின்றோர் தம் பணத்தைப் பெறமுடியாதவராயினர். அடுத்த மாதம் சிங்கப்பூர் நாணய ஆணையம் அவ்வங்கியைக் கண்டித்து, ஏறத்தாழ 23 கோடி சிங்கப்பூர் வெள்ளியை மேலதிக மூலதனமாக ஒதுக்குமாறு பணித்தது.

இந்நிகழ்ச்சியில் தரவு அழியவில்லை. தரவைக் காத்தல் என்னுங் கடமையைச் சேமிப்பகம் பிழையறச் செய்தது. வழியைக் காத்தலே தவறியது. தொடக்கத்தில் கெட்டது ஓர் இணைப்பு மட்டுமே. அதனைத் தாங்குதற்கு அவ்வமைப்பு வலிமையுடையதாகவே இருந்தது. எச்சரிக்கை நின்றதைப் பழுது நீங்கியதற்கு அடையாளமாகக் கொண்டமையும், அதனால் ஒரே பிழை மீண்டும் மீண்டும் செய்யப்பட்டமையுமே சிறு பழுதைப் பெரும் பழுதாக்கின.

இவ்வரலாற்றை நோக்குவார்க்கு மூன்று படிகள் புலனாகும். முதற்படி, உறுப்புகளை இரட்டித்தல். இதனை 1960களிலேயே பொறியியலாளர் செய்து முடித்தனர். இரண்டாம் படி, எவ்வழி உயிருள்ளது, தட்டு யாருக்குரியது என்பவற்றைப் பொறி தானே அறிதல். ஒதுக்கீட்டுக் கட்டளை முதல் வாக்கெடுப்பு, பல்வழிச் செய்நிரல் வரை இதன்பாற்படும். மூன்றாம் படி, எஞ்சியிருக்கும் வழி ஒன்றே என்னும் வேளையில் மனிதர் எங்ஙனம் நடந்துகொள்வர் என்பது. ஒரு வழி கெட்டும் அலுவல் தடையின்றி நடைபெறுவதே பழுதுதாங்கும் அமைப்பின் சிறப்பு. அதன் இடரும் அதுவே. அலுவல் நடைபெறுவதனால் பழுது கண்ணுக்குத் தோன்றுவதில்லை. தோன்றாத பழுதுக்கு விரைந்து மருந்து தேடுவாரும் இல்லை.

ஆதலின், இரண்டாவது வழியை அமைத்தோர் அதனை நாடொறும் சோதித்தலும், பழுதுபார்க்கும் முறையை எழுதிவைத்து அம்முறையின் வழியே ஒழுகுதலும், முதல் எச்சரிக்கையின் காரணத்தை முற்றாகக் காணும்வரை ஓயாதிருத்தலும் இன்றியமையாதனவாகும். இவை வடத்தினும் ஆளியினும் விலை குறைந்தவை. எனினும், கடையில் வாங்கக் கிடையாதவை; பயிற்சியாலும் ஒழுங்காலும் மட்டுமே பெறத்தக்கவை.