பேரன் கேட்ட வில்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, நாற்பது வருஷத்துக்கு முன் வாங்கிய என் ரிகர்வ் வில் கிடைத்தது. மாடியில் நாண் ஏற்றித் தரச் சொல்லி பேரன் நச்சரித்தான். எங்கள் எம்.கே.பி. நகரில் (மகாகவி பாரதி நகர்தான், முழுப் பெயரை யார் சொல்கிறார்கள்?) மொட்டைமாடிக்கா பஞ்சம்! ஆனாலும் உடனே தரவில்லை.

முனை எதிர்ப்புறம் வளைந்த வில் புதிதல்ல. மொகலாயர் காலத்தில் மரத்தோடு கொம்பையும் தசைநாரையும் ஒட்டிச் செய்தார்கள். அமெரிக்காவில் 1950-களில் கண்ணாடி இழை அந்த இடத்தைப் பிடித்தது. 1920-க்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லாமல் போன வில்வித்தை 1972 மியூனிக்கில் திரும்பியது. மறு வருஷமே இந்திய வில்வித்தைச் சங்கம் பிறந்தது. மூங்கில் வில்லில் பழகிய ராஜஸ்தான் பழங்குடி இளைஞர் லிம்பா ராம் 1988-ல் சியோல் போனார்.

பொருள் மாறினாலும் பலவீனம் அதேதான்: ஒட்டு. வில்லின் இரு கைகள் மேலும் பஞ்சை மெல்ல இழுத்தேன். கண்ணுக்குத் தெரியாத கீறலில் பஞ்சு சிக்கும். நீளவாக்கில் ஓடும் கோடு பல சமயம் மேல்பூச்சுதான். குறுக்கே ஓடினால் ஆபத்து. நுனியிலிருந்து பார்த்தேன், முறுக்கல் இல்லை. கீழ்க் கையில், பிடிக்கு அருகே, மரத்துக்கும் இழைக்கும் நடுவே நகம் நுழைந்தது. பரண் சூட்டில் பிசின் விட்டிருக்கிறது. என் தப்புதான்.

இழுக்கும்போது முறிந்தால் முகத்தில் அடிக்கும். பேரன் விரலைப் பிடித்து அந்த இடுக்கைத் தடவவைத்தேன்.

"ஃபெவிகால் போட்டு ஒட்டிடலாமே தாத்தா" என்றான்.

நாண் இல்லாமலே சுவரில் மாட்டிவிட்டேன்.