கரந்துறையும் கள்வன்

செனாயில் என் மாணவர் சிலர் விடுமுறைப் பகலொன்றில் மேசையைச் சுற்றியமர்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தனர். ஆளுக்கொரு கதைமாந்தராகி, நடுவர் ஒருவர் துணையுடன் கதை வளர்க்கும் விளையாட்டு அது. "என் கள்வன் கண்ணுக்கே தெரியமாட்டான், காவலன் எப்படிப் பிடிப்பான்?" என்பது வழக்கு.

இவ்வகைக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். அதன் மறைவு மந்திரத்திற்குத் தொடக்கத்திலேயே தளை உண்டு: மறைந்தவன் மறைந்தவாறே பிறரைத் தாக்கவியலாது. 1975ஆம் ஆண்டு இணைப்பு நூலில் கள்வன் சேர்ந்தான். அவன் கைம்முதல் நிழலில் ஒளியும் பயிற்சியே. தொடக்கநிலையில் அதற்கு நூற்றுக்குப் பத்தே வாய்ப்பு.

மந்திரத்தால் மறைதல் வேறு, தொழிலால் மறைதல் வேறு என்னும் பகுப்பு நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், கள்வர்க்குத் துணையாவன எட்டு என்கிறான் பொற்கொல்லன். மந்திரமும் மருந்தும் அவற்றுள் அடங்கும். இடமும் காலமும் கருவியும் அடங்கும். பகலில் தூதனாக வாயிலில் இருந்து, இரவில் பெண்கோலத்தில் விளக்கு நிழலூடே புகுந்து, உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்தவன் கதையையும் விரிக்கிறான். சுவையான பகுதிதான், ஆயினும் அதை எப்பொழுது சொல்கிறான் என்பதே நோக்கத்தக்கது. கோவலன் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கள்வனல்லன் எனத் தயங்கிய வேளை அது. களவின் குறி எதுவும் தென்படாமையே கரக்கும் திறனுக்குச் சான்றாகத் திரிக்கப்பட்டது. அவன் கூறிய மந்திரத்திற்கு எல்லையே இல்லை. எல்லையற்ற மறைவின்முன் குற்றமற்றவன் எதைக் காட்டி மெய்ப்பிப்பான்? காவலருள் இளையோன் ஒருவன் தான் கண்ட கள்வனின் கதையையும் சேர்த்தான். கல்லாத ஒருவனின் வாள் பாய்ந்தது.

மாணவரிடம் இதைக் கூறினேன். நடுவனாயிருந்தவன் சற்றே எண்ணி, காவலன் பக்கமும் ஒரு பகடையை நகர்த்தினான்.